முதலில் இருத்து, பிறகு கட்டு
ட்றெயிலரில் படகு ஏற்றுவோர் கவனத்திற்கு

வட நோர்வேயில் பனி கரைந்து வீதியோரம் தெரியத் தொடங்கினால் எம்மவர் வீடுகளில் படகுப் பேச்சும் தொடங்கிவிடும். நான்கு குடும்பங்கள் சேர்ந்து காசு போடுவார்கள். பதினாறு அடிப் பழைய பைபர் கிளாஸ் படகு ஒன்று, அதற்கொரு மோட்டர், ஏற்றி இழுக்க ஒரு ட்றெயிலர். நள்ளிரவிலும் சூரியன் மறையாத யூன் மாதத்தில் வேலை முடிந்து வந்து கடலில் இறங்கினால் நான்கு வீட்டுக்கும் போதுமான தொர்ஸ்க் மீனும் சேய் மீனும் கொண்டு வரலாம். கறிச்செலவு மிச்சம். அதைவிடப் பெரிய விடயம் ஒன்றும் உண்டு. மொழியும் தெரியாமல் ஊரும் தெரியாமல் வந்திருக்கும் ஒரு தகப்பன், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொழிலைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது பல வீடுகளில் இந்தப் படகில்தான்.

நோர்வேக்கும் எமது படகுகளுக்கும் உறவு புதிதல்ல. 1956 இல் இங்கு வந்த அன்ரனி இராஜேந்திரம் நோர்வேஜியரின் உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியது எங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பின்னர் 1980களில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு எம்மவர் வேலைக்கு வந்தார்கள். அந்த வரிசையில் வந்தவர்களில் நாங்களும் சிலர். குருநகர், மயிலிட்டி, பாசையூர் ஆட்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடலைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நாங்கள் இங்கே எழுத வந்தது கடலைப் பற்றியுமல்ல. வீட்டு வாசலிலிருந்து கடல் வரைக்கும் படகு போகும் வீதியைப் பற்றி.

ஊர்ப் பழக்கம் இங்கே உதவாத இடம்

ஊரில் எங்கள் வள்ளங்கள் வீதியில் ஓடியதில்லை. கரையில் நங்கூரம் போட்டு நிற்கும். மாரியில் பத்துப் பேர் தோள் கொடுத்து, கீழே உருளைக் கட்டை வைத்து மணலில் ஏற்றி விடுவோம். படகைத் தாங்குவது தண்ணீர் அல்லது மணல். இரண்டுமே படகின் அடிக்கு ஏற்றபடி வளைந்து கொடுப்பவை. ட்றெயிலர் அப்படியல்ல. நான்கைந்து றப்பர் உருளைகளும் இரண்டு மூன்று சோடிப் பக்கத் தாங்கிகளும்தான் முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. அதுவும் மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில், குண்டும் குழியுமான பாதையில், பக்கக் காற்றில்.

எங்கள் தொழிற்சாலையில் மீன் பெட்டிகளைப் பலட்டில் அடுக்கி நாடா போட்டு இறுக்குகிறோம். புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: கீழ் வரிசை கோணலாக இருந்தால் எத்தனை நாடா சுற்றினாலும் பலட் பாரவண்டியில் சரியும். நாடா பெட்டியை நேராக்காது. நேராக இருக்கும் பெட்டியை அசையாமல் வைத்திருக்க மட்டுமே அதனால் முடியும். படகும் அப்படித்தான். கோணலாக உட்கார்ந்த படகை இறுக்கிக் கட்டினால் கோணலைத்தான் இறுக்குகிறோம். முதலாவது குலுக்கலில் படகு தனக்குச் சரியான இடத்தைத் தேடி நகரும். நகர்ந்த கணமே கட்டிய பட்டி தளரும்.

சில வருடங்களுக்கு முன் எங்களோடு வேலை செய்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. இருபது வருடம் கடலில் நின்ற மனிதர். இரவு மீன்பிடித்துத் திரும்பி, களைப்பில், படகை இழுத்து ஏற்றினார். ஏறும்போது படகு இடப்பக்கம் ஒரு சாண் விலகி இருந்தது. வின்ச் பட்டியை நன்றாக முறுக்கிவிட்டுப் புறப்பட்டார். மலைப்பாதையில் ஒரு வளைவில் பக்கக் காற்று அடித்தது. படகு உருளையிலிருந்து வழுக்கி, பக்கத் தாங்கியின் இரும்பு வளைந்து, அடிப்பக்கத்தைக் குத்தி ஓட்டையாக்கியது. பாதி வெளியே தொங்கியபடி வண்டி நின்றது. நள்ளிரவு என்பதால் பின்னால் வாகனம் எதுவும் வரவில்லை. நான்கு குடும்பங்களின் காசு போனது. பின்னால் ஒரு குடும்பம் காரில் வந்திருந்தால் போயிருக்கக்கூடியது எது என்று நினைத்துப் பாருங்கள்.

ட்றெயிலர் உங்கள் படகுக்குரியதா?

எம்மவர் பெரும்பாலும் படகை ஒருவரிடமும் ட்றெயிலரை இன்னொருவரிடமும் பழையதாக வாங்குவார்கள். அந்த ட்றெயிலர் விற்றவருடைய படகின் அளவுக்குச் சரிசெய்யப்பட்டது. உங்கள் படகுக்கு அது பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே வாங்கியதும் முதல் வேலை, ஒரு சனிக்கிழமை பகலில், சமதரையில், நிதானமாக இரண்டையும் பொருத்துவது.

படகின் அடியில் நடுவே அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஓடும் முதுகெலும்பை ஊரில் ஏரா என்போம். படகின் பாரம் ஏராவில்தான் இறங்க வேண்டும். நடுவில் உள்ள உருளைகள் எல்லாமே ஏராவைத் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஒரு உருளை தாழ்ந்திருந்தால் அது சும்மா நிற்கும், அதன் பாரமும் பக்கத்து உருளைக்குப் போகும். பக்கத் தாங்கிகளின் வேலை படகு சரியாமல் பிடிப்பது மட்டுமே. அவற்றை உயர்த்தி, படகையே அவற்றில் தூக்கி வைத்தால் பைபர் கிளாஸ் அடி மெல்ல மெல்ல உள்ளே அமுங்கும். ஒரு குளிர்காலம் அப்படியே நின்றால் அந்தப் பள்ளம் நிரந்தரமாகிவிடும். பிறகு கடலில் படகு நேராக ஓடாது.

பின்பலகையை மறக்கக் கூடாது. மோட்டர் தொங்குவது அதில். கடைசி உருளை பின்பலகைக்கு நேர் கீழே வர வேண்டும். படகு ட்றெயிலரை விட நீளமாகி, பின்பக்கம் அரை மீற்றர் ஆதரவில்லாமல் நீட்டிக்கொண்டு நின்றால் ஒவ்வொரு குழியிலும் மோட்டரின் முழுப் பாரமும் அந்த இடத்தை வளைக்கும்.

இனி நேர் பார்ப்பது. ட்றெயிலரின் பின் குறுக்குச் சட்டத்தின் நடுவை அளந்து வெள்ளை மையால் ஒரு கோடு போடுங்கள். ஏரா அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். பிறகு இடப்பக்கச் சில்லு மூடியிலிருந்து படகின் விளிம்பு வரை அளவுநாடா பிடியுங்கள். வலப்பக்கமும் அப்படியே பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை சரியாக்கி, பக்கத் தாங்கிகளின் நட்டுகளை இறுக்கி, எல்லா இடத்திலும் மை அடையாளம் போட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை. பின்னால் நின்று ஒரு பார்வை போதும்.

பாரம் முன்னுக்கா, பின்னுக்கா?

கார்க் கொழுவியின் உருண்டையில் ட்றெயிலர் ஓரளவு அழுத்த வேண்டும். முழு ட்றெயிலர் பாரத்தில் சுமார் 5 முதல் 7 வீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் காருக்கும் கொழுவிக்கும் அனுமதித்த அளவைத் தாண்டக் கூடாது. அந்த அளவு கொழுவியில் உள்ள தகட்டிலும் காரின் கையேட்டிலும் எழுதியிருக்கும்.

இதை அளக்கக் குளியலறைத் தராசு போதும். ட்றெயிலரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கொழுவும் தலை காரில் இருக்கும் அதே உயரத்துக்கு வரும்படி ஒரு மரத்துண்டை வெட்டி, தராசின் மேல் நிறுத்தி, தலையை அதில் இறக்குங்கள். தராசு காட்டும் எண்தான் உருண்டைக்குப் போகும் பாரம்.

ஒரு உதாரணக் கணக்கு. படகு 350 கிலோ, மோட்டர் 80, எண்ணெய்த் தாங்கி நிறைய 20, நங்கூரம், வலை, கயிறு எல்லாம் 50. சுமை மட்டும் 500 கிலோ. ட்றெயிலரின் சொந்தப் பாரம் 200. மொத்தம் 700. அப்படியானால் உருண்டையில் 35 முதல் 49 கிலோ வரை இருக்க வேண்டும்.

பின்பாரம் கூடினால் என்ன நடக்கும்? ட்றெயிலர் காரின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பின் சில்லுகளின் பிடி குறையும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் ட்றெயிலர் மாட்டின் வாலைப் போல இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் வளர்ந்தால் காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். முன்பாரம் கூடினால் காரின் முன் சில்லுகள் இலேசாகி, ஸ்ரியரிங் பிடிப்புக் குறையும்.

திருத்துவதற்கு வரிசை உண்டு. முதலில் பின்பலகையைக் கடைசி உருளைக்கு மேல் கொண்டு வாருங்கள். பிறகு உருண்டைப் பாரத்தை அளவுங்கள். எண்ணெய்த் தாங்கியையும் நங்கூரத்தையும் முன்னும் பின்னும் மாற்றி வைத்தாலே சிறிய வித்தியாசம் சரிவரும். பெரிய வித்தியாசமாக இருந்தால், பல ட்றெயிலர்களில் சில்லு அச்சையே நகர்த்த முடியும். அதை வேலைத்தளம் ஒன்றில் செய்விப்பது நல்லது. எல்லாம் சரியான பின்னர், கடைசியாக, வின்ச் பூட்டிய கம்பத்தை நகர்த்தி, அணியம் முன் றப்பரில் முட்டி நிற்கும்படி இறுக்குங்கள்.

கடலிலிருந்து ஏற்றும் நேரம்

யாழ்ப்பாணக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பின்மார்க் கரையில் இரண்டு மூன்று மீற்றர். காலையில் படகு இறக்கிய சாய்வுத்தளம் மாலையில் வேறொரு இடம் போல இருக்கும். வற்று நேரத்தில் தளத்தின் கீழ்ப்பகுதி பாசி பிடித்து வழுக்கும். சில இடங்களில் சீமெந்து முடிந்து கல்லும் தொடங்கிவிடும். ஆகவே வற்றுப் பெருக்கு நேரத்தைப் பார்த்தே கடலுக்குப் போங்கள்.

கரையை அடைந்ததும் ட்றெயிலரை உடனே தண்ணீருக்குள் விட வேண்டாம். ஓடி வந்த சில்லின் நடுப்பகுதி சூடாக இருக்கும். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சும். பெயரிங் துருப்பிடிக்கும். கால் மணித்தியாலம் பொறுங்கள். பின்விளக்குப் பலகையையும் கழற்றிவிடுங்கள்.

ட்றெயிலரை எவ்வளவு ஆழத்துக்கு விடுவது என்பதில்தான் படகு நேராக ஏறுவது தங்கியிருக்கிறது. அதிகம் ஆழமானால் படகு உருளைகளுக்கு மேலே மிதந்து நிற்கும். வண்டியை மேலே இழுக்கும்போது காற்றும் அலையும் தள்ளிய இடத்தில் அது குந்தும். ஆழம் போதாவிட்டால் வின்ச் கைபிடியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். பின் உருளை தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கும்படி நிறுத்தினால் ஏரா முதலில் அந்த உருளையில் ஏறி, அதன் பின் உருளை உருளையாக மேலே வரும். ஒருவர் வின்ச் சுற்ற, இன்னொருவர் பின்பக்கக் கயிறைப் பிடித்துப் படகை நேராக வைத்திருக்க வேண்டும். காற்று வரும் பக்கமாக அவர் நிற்பது நல்லது. ட்றெயிலரின் பின்மூலைகளில் இரண்டு நெடுங்கம்பம் பூட்டிக்கொண்டால் தண்ணீருக்குள் ட்றெயிலர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும், படகும் இரண்டுக்கும் நடுவே வரும்.

படகு முழுதாக மேலே வந்ததும், சாய்வுத்தளத்திலேயே, பின்னால் போய் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். ஏரா இரண்டு விரலுக்கு மேல் விலகியிருந்தால் திரும்பத் தண்ணீருக்குள் விட்டு மறுபடி ஏற்றுங்கள். ஐந்து நிமிட வேலை. "வீட்டை போய்ப் பாப்பம்" என்று சொல்லும் நண்பரின் பேச்சைக் கேட்க வேண்டாம். சிலர் வண்டியை ஓட்டிச் சடாரெனப் பிரேக் போட்டால் படகு நேராகும் என்பார்கள். அது படகை முன்னுக்கு எறியும் வேலை.

வின்ச் சுற்றும் நேரத்தில் பிள்ளைகள் கிட்ட வரக் கூடாது. கைபிடி நழுவினால் சுழன்று கையை முறிக்கும். இழுபடும் பட்டிக்கு நேராகவோ படகுக்குப் பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. கார் கியரில் நின்று, கைப் பிரேக்கும் இழுத்திருக்க வேண்டும்.

கட்டும் முறை

இப்போதுதான் கட்டுவது. வின்ச் பட்டி படகை இழுத்து ஏற்றுவதற்கு உரியது. அதையே கட்டாக நம்பக் கூடாது. அதன் பல் ஒன்று உடைந்தால் போதும், எல்லாம் போய்விடும்.

முன்னால்: அணியத்தின் வளையத்திலிருந்து தனியாக ஒரு பட்டியோ சங்கிலியோ ட்றெயிலரின் சட்டகத்துக்குப் போக வேண்டும். அது கீழும் பின்னுமாக இழுக்கும்படி பூட்டுங்கள். வின்ச் பட்டி படகைப் பின்னுக்குப் போகவிடாது. இந்தப் பட்டி பிரேக் போடும்போது அணியம் முன் றப்பரைத் தாண்டி ஏறவிடாது.

பின்னால்: பின்பலகையின் இரண்டு வளையங்களிலிருந்தும் நேர் கீழே சட்டகத்துக்கு இரண்டு பட்டிகள். குழியில் விழும்போது படகு துள்ளாமல் பிடிப்பவை இவைதான். பின் வளையம் இல்லாத பழைய படகானால் முழுப் படகுக்கும் மேலாக ஒரு பட்டி போட்டு இரண்டு பக்கமும் சட்டகத்தில் கட்டலாம். விளிம்பில் பட்டி உராயும் இடத்தில் பழைய கம்பளத் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். அப்பட்டியை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் படகின் விலா நெரியும். காற்றில் பட்டி படபடவென்று அடித்தால் அரைச் சுற்று முறுக்கிப் போடுங்கள், சத்தம் நின்றுவிடும்.

எவ்வளவு பலமான பட்டி வேண்டும்? நோர்வே விதிப்படி சுமை முன்னுக்கு நகராமல், தன் முழுப் பாரத்துக்குச் சமமான விசையைக் கட்டு தாங்க வேண்டும். பக்கங்களுக்கும் பின்னுக்கும் அதில் பாதி. எங்கள் உதாரணத்தில் முன்னுக்கு 500 கிலோ, பக்கத்துக்கும் பின்னுக்கும் 250 கிலோ. பட்டியில் தைத்திருக்கும் சிறு சீட்டில் எல்.சி. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் டெக்கா நியூட்டன் கணக்கில் ஒரு எண் இருக்கும். அதை ஏறக்குறைய கிலோவாக எடுத்துக்கொள்ளலாம். சீட்டு இல்லாத பட்டி, ஓரம் பிரிந்த பட்டி, வெயிலில் வெளிறிய பட்டி எதையும் படகுக்குப் பாவிக்க வேண்டாம். நைலோன் கயிறும் வேண்டாம். நனைந்தால் அது இழுபடும்.

மோட்டரும் மழைத்தண்ணீரும்

மோட்டரைத் தூக்கி, அதன் காலுக்கும் ட்றெயிலருக்கும் நடுவே ஒரு தாங்கு கம்பு கொடுத்துக் கட்டுங்கள். மோட்டரில் உள்ள சிறிய பூட்டு நெம்பு வீதிக் குலுக்கலுக்குச் செய்யப்பட்டதல்ல. விசிறிக்கு உறை போடுங்கள். பின்னால் சைக்கிளில் வருபவரின் முகத்துக்கு நேரே இருப்பது அதுதான்.

படகின் அடியில் உள்ள தண்ணீர் அடைப்பானைக் கழற்றிவிட்டே ஓட வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. மழையில் நூறு லீற்றர் தேங்கினால் எங்கள் உதாரணத்து 700 கிலோ 800 ஆகிவிடும். அந்தத் தண்ணீர் ஏற்றத்தில் முழுவதும் பின்னுக்கு ஓடும், இறக்கத்தில் முன்னுக்கு ஓடும். காலையில் தராசில் பார்த்த கணக்கு அத்தோடு சரி. கடலில் இறக்குவதற்கு முன் அடைப்பானைத் திரும்பப் பூட்டுங்கள். கார்ச் சாவியோடு அதைக் கோத்து வைத்தால் மறக்காது.

வீதியில்

கொழுவியைப் பூட்டியதும் முன் சிறு சில்லைக் கொஞ்சம் கீழே சுற்றிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. பிரேக் உள்ள ட்றெயிலரானால் அறுந்தால் பிரேக் பிடிக்கும் கம்பியையும் மாட்ட வேண்டும். விளக்குகள் ஐந்தையும் ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்: இரண்டு பக்க சமிக்ஞை, பிரேக், பின்விளக்கு, இலக்கத் தகட்டு விளக்கு. ரயர்க் காற்றைப் பாருங்கள். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தால் படகு அந்தப் பக்கம் சாயும், நேராக ஏற்றியதும் வீணாகும்.

புறப்பட்டுப் பத்துக் கிலோமீற்றருக்குள் ஒரு இடத்தில் நிறுத்துங்கள். படகு குலுங்கித் தன் இடத்தில் அமர்ந்திருக்கும், பட்டி தளர்ந்திருக்கும். திரும்ப இறுக்குங்கள். சில்லு நடுவில் கை வையுங்கள். ஒன்று மற்றதைவிடச் சுட்டால் பெயரிங்கில் கோளாறு. சில்லு கழற்றிப் பூட்டியிருந்தால் ஐம்பது கிலோமீற்றரில் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

வார்டோவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சொல். ஏறத்தாழ 2.9 கிலோமீற்றர் நீளமான உங்கள் சுரங்கப்பாதை கடல் மட்டத்துக்குக் கீழே 88 மீற்றர் இறங்கி ஏறுகிறது. இறக்கத்தில் படகின் பாரம் காரைத் தள்ளும், ஏற்றத்தில் பின்னுக்கு இழுக்கும். நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வெளியே வரும் வாயிலில் காற்று பக்கத்தில் அறையும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

ட்றெயிலர் ஆடத் தொடங்கினால் பிரேக்கில் பாய வேண்டாம், வேகமும் கொடுக்க வேண்டாம். ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள். வேகம் குறைய ஆட்டம் அடங்கும். பிறகு நிறுத்திப் பாரத்தைப் பாருங்கள்.

சட்டம் சொல்வது

சாதாரண பி வகுப்பு அனுமதிப்பத்திரத்தோடு, அனுமதித்த மொத்தப் பாரம் 750 கிலோ வரையான ட்றெயிலரை இழுக்கலாம். அதைவிடப் பாரமான ட்றெயிலரானால், காருக்கும் ட்றெயிலருக்கும் அனுமதித்த மொத்தப் பாரங்களின் கூட்டு 3500 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேலதிகப் பயிற்சியோ பி.இ. வகுப்போ தேவை. எண்களை இரண்டினதும் வாகனப் பதிவு அட்டையில் பாருங்கள். நோர்வேஜியனில் வொக்ன்கோர்ட் என்பது அதுதான். கார் இழுக்க அனுமதித்த பாரமும் அதில் இருக்கும்.

ட்றெயிலரோடு ஓடும்போது உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர். பிரேக் இல்லாத ட்றெயிலர் சுமையோடு சேர்த்து 300 கிலோவுக்கு மேல் இருந்தால் 60 மட்டுமே. எங்கள் உதாரணத்து 700 கிலோவும் பிரேக் இல்லாததென்றால் இதற்குள்தான் அடங்கும். பின்னால் வருபவர் ஹோர்ன் அடித்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள், வேகத்தைக் கூட்ட வேண்டாம். சுமை பின்னால் ஒரு மீற்றருக்கு மேல் நீட்டியிருந்தால் அடையாளம் கட்ட வேண்டும். ஓடும் ட்றெயிலரில், படகுக்குள், யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் கேட்டாலும் இல்லை.

சுமை சரியாகக் கட்டப்பட்டிருப்பதற்குப் பொறுப்பு ஓட்டுபவருடையது. நண்பருடைய ட்றெயிலர், நண்பர் கட்டிய கட்டு என்று பொலிஸாரிடம் சொல்லிப் பயனில்லை. இரவல் வாங்கினாலும் நீங்களே கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும்.

குளிர்காலத்தில்

ஒக்ரோபரில் படகைக் கரையேற்றினால் ட்றெயிலரிலேயே ஏழு மாதம் நிற்கும். ஓடாமல் நிற்கும் காலத்திலும் கோணல் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். அணியம் கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி வைத்து, அடைப்பானைக் கழற்றி, தண்ணீர் வழிய விடுங்கள். தறப்பாளின் கீழ் கூரை போல மரக்கம்பு கொடுத்தால் பனி வழுக்கி விழும். இல்லாவிட்டால் அரை மீற்றர் ஈரப் பனி படகை உருளைகளோடு சேர்த்து அமுக்கும். அச்சின் கீழ் ஜாக் வைத்து உயர்த்தி, கட்டை அடைத்தால் ரயருக்கும் ஆறுதல். வசந்தத்தில் பெயரிங்குக்குப் புதுக் கிறீஸ்.

வெட்டிக் காரில் வைத்துக்கொள்ள

1. ஏரா வெள்ளைக் கோட்டில் நிற்கிறதா?
2. அணியம் முன் றப்பரில் முட்டுகிறதா?
3. பின்பலகை கடைசி உருளைக்கு மேலா?
4. வின்ச் பட்டி தவிர அணியத்துக்குத் தனிக் கட்டு உண்டா?
5. பின்னால் இரண்டு பட்டியும் இறுக்கமா?
6. மோட்டருக்குத் தாங்கு கம்பும் விசிறிக்கு உறையும்?
7. அடைப்பான் கழற்றியாயிற்றா? படகுக்குள் தண்ணீர் இல்லையே?
8. கொழுவிப் பூட்டு, விளக்கு, ரயர்க் காற்று?
9. பத்துக் கிலோமீற்றரில் நிறுத்தி மறுபடி பார்த்தீர்களா?

இந்த ஒன்பதையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். வேலை முடிந்து களைத்து வந்த நாளிலும், மழை பெய்யும் நாளிலும், பிள்ளைகள் அவசரப்படுத்தும் நாளிலும் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக் கொடுக்காதீர்கள். வீதியில் உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்று தெரியாது. சரியாகத்தான் கட்டியிருப்பார் என்று நம்பித்தான் அவர் வருகிறார்.